சம்பந்தி வீட்டுப் பாட்டு

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். தாய் தகப்பன் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தவர்கள். எது நான் பெற்றது, எது வந்து சேர்ந்தது என்று ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஒருவன் பட்டாளத்தில் இருக்கிறான், ஒருவன் போலீஸ். பெண்கள் எல்லாரும் நல்ல இடத்தில் வாழ்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனது சொற்பம். பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் பாட்டு என்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பார்கள். பிறந்தது கூமாப்பட்டி. நாற்று நடும்போது நான் எடுத்துக்கொடுத்தால் நாலு வயல் தள்ளி நிற்பவர்களும் சேர்ந்து பாடுவார்கள். கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்த பிறகு, சடங்கு வீடு, வளைகாப்பு வீடு எதுவும் என் தொண்டை இல்லாமல் நடந்ததில்லை.

என் கடைசி மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அங்கே கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்து, இங்கே ஒரு காலையில் நாலு பேர் கூடி மாலை மாற்றினார்கள். அதோடு சரி. போன வருஷம் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்தது. அவளுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. தகப்பனாருக்கு முழங்கால் வலி, விமானம் ஏற மாட்டார். பிள்ளையை இங்கே வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாளாம். மகனும் கம்பெனியில் கேட்டு, இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு வந்தான்.

அவள் தமிழைப் புத்தகத்தில் படித்தவள். "அத்தை, எனக்கு இன்னும் ஒரு தோசை வேண்டும்" என்று செய்தி வாசிக்கிற மாதிரி கேட்பாள். தெருப் பெண்கள் அதைக் கேட்பதற்கென்றே ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்கள்.

வந்த அன்றே அவள் பெட்டியிலிருந்து இரண்டு சாமான்களைப் பத்திரமாக எடுத்தாள். ஒன்று நீளமான கீபோர்டு. அவள் அங்கே பியானோ வாசிக்கிறவள், சொல்லிக் கொடுக்கிறவள். இன்னொன்று சட்டம் போட்ட ஒரு படம். பழைய காலத்துப் படம், நிறம் இல்லை. அதில் ஒரு அம்மா கழுத்து வரை மூடின கறுப்பு உடுப்பில், தலையை இழுத்து வாரிக்கொண்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். மருமகள் கீபோர்டுக்கு மேலே அலமாரியில் அந்தப் படத்தை நிறுத்தி, துணியால் துடைத்தாள்.

நம் வீட்டில் இப்படி ஒரு படத்தை உயர வைத்தால் அது யார் படம்? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தாய் இல்லாத பிள்ளை, அவள் குலத்துப் பெரியவள் யாரையோ கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் படத்துக்குப் பொட்டு வைத்த கையோடு அந்த அம்மாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கனகாம்பரம் சாத்தினேன். மருமகள் அதைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. கை கூப்பினாள். பிறகு எனக்கு என்ன சந்தேகம் வரும்?

தினமும் பூ வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டினேன். அமாவாசை வந்தது. என் வீட்டுக்காரருக்கு இலை போட்டுப் படைக்கும்போது, ஒரு வீட்டில் இரண்டு பேர் படமாக இருக்க ஒருவருக்கு மட்டும் போடுவது நன்றாக இல்லை என்று, அந்த அம்மாவுக்கும் ஒரு இலை போட்டேன். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்தேன். அவர்கள் ஊரில் சோறு பழக்கமில்லையே என்று பேக்கரிக்கு ஆள் அனுப்பி ஒரு பன்னும் வாங்கி ஓரத்தில் வைத்தேன்.

அன்று சனிக்கிழமை. என் மகள் வயிற்றுப் பேத்தி கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிறாள். லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளும் மருமகளும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். இலையைப் பார்த்த பேத்தி, இது உங்கள் பாட்டியா என்று மருமகளைக் கேட்டிருக்கிறாள். மருமகள் இல்லை என்றாள். அம்மாவின் பாட்டியா என்றாள். அதுவும் இல்லை என்றாள். பிறகு இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பேத்தி தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

அந்த அம்மா அவளுக்கு எந்த உறவும் இல்லையாம். ரொம்ப காலத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் பாட்டுக் கட்டினவராம். அவரைப் பற்றித்தான் மருமகள் புத்தகம் எழுதுகிறாளாம். எழுதும்போது பார்த்துக்கொள்ள ஒரு படம் வேண்டுமே என்று கொண்டுவந்தாளாம். நான் பூ வைத்ததைப் பார்த்து, நம் ஊரில் பாட்டுக்காரர்களை இப்படித்தான் மதிப்பார்கள்போல என்று நினைத்திருக்கிறாள்.

"ஏட்டி, யாரு எவருன்னு தெரியாத பொம்பளைக்கா நான் இலை போட்டேன்?" என்றேன்.

"ஆமா அம்மாச்சி. பன்னும் வச்சீக."

"போட்டது போட்டாச்சு. யாருக்குப் போட்டேன்னாவது தெரியணும்ல. அவிய கதையச் சொல்லச் சொல்லு."

மருமகள் சொல்லச் சொல்ல, பேத்தி தமிழில் சொன்னாள். அந்த அம்மா பிறந்தது ஆற்றங்கரையில் ஒரு ஊர். தகப்பனார் துணி மில்லில் மேஸ்திரி மாதிரி ஒரு வேலை. வீட்டுக்கு பியானோ வாத்தியார் வந்தது அண்ணனுக்காக. அண்ணன் ஜன்னல் வழியாகக் குதித்து விளையாடப் போய்விடுவானாம். வந்த வாத்தியாரைச் சும்மா அனுப்ப வேண்டாமே என்று தங்கச்சியை உட்கார வைத்தார்களாம். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. வாழ்க்கைப்பட்டது ஒரு டாக்டருக்கு. புருஷன் கெடுதல் செய்தாரா என்று நான் கேட்டேன். இல்லையாம், நல்ல மனுஷனாம். இவர் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று தாளைத் திருப்பிக் கொடுப்பாராம். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெரிய சபைகளில் பொம்பளை கட்டின பாட்டை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. தன் தெருவில் இருக்கிற பொம்பளைகளைக் கூப்பிட்டிருக்கிறார். ரொட்டிக்கு மாவு பிசைந்து, அது பொங்குவதற்கு மூடி வைத்துவிட்டு, பொங்குகிற நேரத்துக்கு எல்லாரும் அவர் வீட்டில் கூடிப் பாடுவார்களாம். மாவு பொங்கினதும் அவரவர் வீட்டுக்கு ஓட்டம். அவர்களுக்கென்றே பாட்டுப் பாட்டாகக் கட்டினாராம்.

பிறகு சண்டை வந்தது. குண்டு போட்டு ஊர் சிதறினது. பாடின பொம்பளைகள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அந்த அம்மா வயதாகிப் போய்ச் சேர்ந்தார். பாட்டுகள் தாளில் இருக்கின்றன, பாட ஆளில்லை. அவர் ஊரிலேயே அவர் பெயர் யாருக்கும் தெரியாதாம்.

"அவருக்கு முதலில் பூ வைத்தது நீங்கள்தான், அத்தை" என்றாள் மருமகள்.

அதற்கப்புறம் பூவை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலம் அந்த அம்மா கட்டின ஒரு பாட்டை வாசித்துக் காட்டினாள். தூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள், தாய் அவளைப் பார்க்கக் கிளம்புகிறாள், அதுதான் பாட்டாம். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நம் பாட்டு ஒரு வழியாகப் போகும். இது இரண்டு வழியாகப் போனது. இடது கை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, வலது கை வேறொன்றைச் சொன்னது. ஒரே வீட்டில் இரண்டு பொம்பளைகள் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது, ஆனால் சண்டை இல்லை. கேட்கக் கேட்கப் பிடித்துப்போனது. இது கீபோர்டுக்குக் கட்டினது இல்லை, இரண்டு கூட்டமாகப் பொம்பளைகள் பாடுவதற்குக் கட்டினது என்றாள். ஒரு தொண்டையால் இரண்டு வழியில் எப்படிப் போக? அதனால் அவளே அதைப் பாடிக் கேட்டதில்லையாம்.

இந்த நேரத்தில்தான் ஏழாம் மாசம் பிறந்து, வளைகாப்புப் பேச்சு வந்தது. என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். நாள் குறிக்க வந்தார்.

எங்கள் பக்கம் வளைகாப்பு என்றால் பெண் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் எதிரெதிரே உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேலியாக ஒரு பாட்டு எடுப்பார்கள். பெண் வீட்டார் பதில் பாட வேண்டும். பதில் வந்த பிறகுதான் தாய் வீட்டு வளையல் முதலில் கையில் ஏறும். பதில் பாட ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் நடந்த வளைகாப்பில் தோற்றவர்களை இன்னும் பேசுகிற ஊர் இது.

நாத்தனார் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இவளுக்குத் தாய் வீடுன்னு ஆரு வருவா?"

அவளுடைய அப்பாவால் வர முடியாது என்று சொன்னேன்.

"அப்பொறம் என்னத்தச் சபை கூட்ட. எங்க கோயில்ல வச்சு நாலு வளையலப் போட்டுட்டு வந்துருவோம். தாய் வீடு இல்லாத பிள்ளைகளுக்கு அங்கதான் போடுறது."

அவர் கெட்ட மனசாகச் சொல்லவில்லை. மடவார் வளாகத்துக் கோயில் கதை எல்லாருக்கும் தெரியும். தாய் வீட்டுக்குக் கிளம்பின ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வழியில் வலி எடுத்துவிட, வர வேண்டிய தாய் வராமல் போக, சாமியே தாயாக வந்து பேறு பார்த்தார் என்பார்கள். தாய் இல்லாதவர்களுக்கு அந்தச் சாமிதான் தாய். இருந்தாலும், மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'தாய் வீடு இல்லாத பிள்ளை' என்பது அவளுக்குப் புரியாத தமிழ் இல்லை. உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க வீட்டில் கீபோர்டுச் சத்தம் கேட்கவில்லை.

ஏழு பேரை வளர்த்தவள் நான். அதில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வரும்போது தாய் இல்லாமல்தான் வந்தார்கள். என் வாசலுக்குள் வந்த பிறகு ஒரு பிள்ளையை அப்படிச் சொல்ல யாரையும் நான் விட்டதில்லை. நாத்தனார் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னேன்.

"மதினி, அவளுக்குத் தாய் வீடு உண்டு. அலமாரில இருக்காவ பாருங்க, அவியதான் என் சம்பந்தி. வளைகாப்பு இங்கதான் நடக்கும்."

நாத்தனார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரத்த உறவா?"

"இல்ல. ஒங்க சாமி மட்டும் அந்தப் பொண்ணுக்கு ரத்த உறவா? தாயா வரலையா?"

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். ஆனால் சும்மா போகிறவர் இல்லை.

"சரித்தா. நாங்க பாட்டெடுத்தா படம் பதில் பாடுமா?"

"பாடும். கேக்கத்தான போறீக."

சொல்லிவிட்டேன். பஸ் போன பிறகுதான், தெருவில் யார் யார் பாடுவார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

மறுநாள் அந்த அம்மாவின் இரண்டு வழிப் பாட்டுக்கு ஆள் சேர்க்கத் தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர், என்னை மதினி என்பதற்கு வதினா என்றுதான் கூப்பிடுவார். அவர் முதல் ஆள். வளையல் கடை பாய் வீட்டு அம்மா வந்தார்; அந்த அம்மாவுக்கு நல்ல கனமான குரல். மில்லுக்குப் போகிற பெண்கள் சிலர் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். எல்லாரும் சமையலை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மத்தியானம் கூடினோம். மருமகள் எங்களைப் பார்த்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். பிறகு கீபோர்டைத் திறந்தாள்.

ஜெர்மன் வார்த்தை எங்கள் வாயில் நுழையவில்லை. நான் தமிழில் கட்டித் தருகிறேன் என்றேன். ராகத்தை விட்டு விலகாமல், அடி அடியாக வாயில் போட்டு மென்று பார்த்துக் கட்டினேன். அது இரண்டே நாளில் ஆகிவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தால், கொஞ்ச தூரம்தான் தனித்தனியாகப் போவோம். அப்புறம் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவோம். நம் பழக்கம் அப்படி. கூடிப் பாடுவது என்றால் ஒன்றாகப் பாடுவதுதான். மருமகள் ஒரு கூட்டத்தை உள்ளறையிலும் ஒரு கூட்டத்தை அடுப்படியிலும் உட்கார வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு கூடத்தில் சேர்த்து உட்கார வைத்தாள்; கையை உயர்த்தினால் ஒரு கூட்டம், தாழ்த்தினால் இன்னொன்று. நாளாக நாளாக வந்துவிட்டது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் வரவில்லை.

"அத்தை, தயவுசெய்து கோபிக்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள்" என்றாள் மருமகள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாதான் வாயைத் திறந்தார்.

"வதினா எப்பவும் அப்படித்தான். தெருவுல சண்டைன்னாலும் ரெண்டு பக்கமும் அவுகதான் பேசுவாக."

அன்று சிரித்த சிரிப்பில் பாட்டு நின்றுபோனது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இந்த ஊரில் என் பாட்டைத் திருத்தினவர் யாரும் இல்லை. ஆனால் அவள் சொன்னது நிஜம். என் காது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகிற காது. நான் பாடவில்லை, கடைசியில் குலவை போடுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

வளைகாப்பன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கினது. நாத்தனார் பட்டுச் சேலையில், ஒரு தூக்குப் பால்கோவாவோடு முதலில் இறங்கினார். எங்கள் கூடத்தில் மருமகளை மனையில் உட்கார வைத்தோம். பச்சைப் புடவை அவளுக்கு நன்றாக இருந்தது. அவள் கைக்கு எட்டுகிற மாதிரி கீபோர்டு, அதற்குப் பக்கத்தில் நாற்காலியில் அந்த அம்மா படம், மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டின மாலையோடு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள்.

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். எண்பதைத் தாண்டினவர், குரல் இன்னும் வெண்கலம்தான்.

கடல்தாண்டி வந்த பொண்ணே
கைநீட்டி நிக்கும் பொண்ணே
தாய்வீட்டு வளையலோட
ஆரு வந்தா சொல்லு பொண்ணே

வேனில் வந்தவர்கள் கை தட்டிச் சேர்ந்து பாடினார்கள். மாமியார் என்கிற முறைக்கு நானும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்ததும் எழுந்து எதிர்ப்பக்கம் போனேன்.

"ஏட்டி, மாமியாக்காரி எங்க போற?" என்றார் நாத்தனார்.

"சம்பந்தி வீட்டுக்கு ஆள் கொறையுது மதினி. நான் இங்க இருக்கேன்" என்று சொல்லிப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மருமகள் கையைத் தாழ்த்தினாள். பாய் வீட்டு அம்மா பக்கத்துக் கூட்டம் மெதுவாக ஆரம்பித்தது.

ஆத்தோரம் வீடிருக்கு
ஆசையா வழியிருக்கு
மாவு பெசஞ்ச கையோட
மகளே நான் வாரேன்டி

கையை உயர்த்தினாள். மில்லுப் பெண்கள் கூட்டம் பதற்றத்தில் சற்றுப் பிந்தித்தான் நுழைந்தது. மருமகள் விட்ட இடத்தில் இன்னொரு சுற்று வாசித்துச் சேர்த்துக்கொண்டாள், வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிறகு பிடித்துக்கொண்டது. ஒரு கூட்டம் 'வாரேன்டி' என்று கீழே இழுக்க, இன்னொரு கூட்டம் மேலே 'எம்புட்டு தூரம் ஆத்தா' என்று கேட்டுக்கொண்டே போக, இரண்டும் விலகிப் போய்ச் சுற்றிக்கொண்டு ஒன்றாக வந்தது. வேனில் வந்தவர்கள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

நடுவில் நான் மருமகளைப் பார்த்தேன். அவள் கை கீபோர்டில் இல்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். வாசிப்பு நின்றது பாடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் முகத்தில் கண்ணீர் ஓடினது, வாய் நிறையச் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாட்டு முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. குலவை போட வேண்டியவள் நான். மறந்துபோய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குலவை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நாத்தனார்தான். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை. அவர் போட்டதும் வேன் பூராவும் போட்டது. பிறகு எழுந்து நடுவில் வந்தார். தாம்பாளத்திலிருந்து சிவப்பு வளையலில் ஒரு ஜோடியை எடுத்து, படத்தின் மேல் தொட்டு என் கையில் கொடுத்தார்.

"சம்பந்தி பாடிட்டாவ. அவிய வீட்டு வளையல மொதல்ல போடு. பொறவு நாங்க போடுறோம்."

போட்டேன். அவள் கை பெரிய கை, வளையல் இறுக்கமாகத்தான் ஏறினது. ஒன்று கூட உடையவில்லை. எல்லாரும் போட்டு முடித்துக் கலவைச் சாதம் சாப்பிடும்போது, நாத்தனார் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்லு என்றார். மூன்று தடவை பாடினார்கள். மூன்றாம் தடவை நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். அவரும் என்னை மாதிரிதான், அந்தப் பக்கம் போய்விட்டார்.

என் மகன் அதை போனில் பிடித்து மருமகளுடைய அப்பாவுக்கு அனுப்பினான். அவர் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாராம். அங்கிருந்து அது யார் யாருக்கோ போய், அந்த அம்மா ஊரில் பாடுகிற பெண்கள் சிலர் கையில் சேர்ந்திருக்கிறது. தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்களாம். மாவு பிசைந்த கை என்று மருமகள் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டதாம். இப்போது அவர்களும் அந்தப் பாட்டைப் பழகுகிறார்கள்.

பிள்ளை பெண் பிள்ளை. நல்ல தொண்டை. இந்தத் தெரு முழுக்கக் கேட்கிறது.

அடுத்த மாசம் அவர்கள் கிளம்புகிறார்கள். அந்தப் பாட்டை இந்தக் காலத்தில் முதலில் யார் பாடினார்கள், எங்கே பாடினார்கள் என்று தன் புத்தகத்தில் போட வேண்டுமாம் மருமகளுக்கு. அத்தை, உங்கள் வாயால் சொல்லுங்கள், அப்படியே போடுகிறேன் என்றாள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பேத்தி எழுதுகிறாள், மருமகள் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏட்டி, கை வலிச்சா செத்த நேரம் உதறிக்கோ. பொறவு மொதல்ல இருந்து வாசி. ஓடாம, நிறுத்தி வாசி, ஒங்க அத்தையும் கேக்கட்டும்.